பிராட்வே, வெஸ்ட் எண்ட் நாடகங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ வருகிற உறவினர்களும் நண்பர்களும் விமான டிக்கெட் எடுத்த கையோடு என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "ஒரு நல்ல நாடகம் பார்க்க வேண்டும், ஆனால் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, என்ன செய்வது?" நியூயார்க்கில் வசித்த ஆண்டுகளிலும் லண்டனுக்குப் போய்வந்த நாட்களிலும், வரிசையில் நின்றும் குலுக்கலில் தோற்றும் நான் கற்றுக்கொண்டவற்றை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்தேன். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பிராட்வே என்பது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கங்களைக் குறிக்கும் பெயர், வெஸ்ட் எண்ட் என்பது லண்டனின் பெரிய நாடக அரங்கங்கள் இருக்கும் பகுதி. கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

பிராட்வே டிக்கெட் என்றாலே முந்நூறு, நானூறு டாலர் என்கிறார்களே, உண்மையிலேயே குறைந்த விலையில் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே அரங்கில், ஒரே மாலையில், பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் இருவர் கொடுத்த விலை பல மடங்கு வேறுபடுவது அங்கே வெகு சாதாரணம். 2001இல் 'தி புரொடியூசர்ஸ்' இசை நாடகத்தின் நல்ல இருக்கைகளுக்கு 480 டாலர் என்று தனி விலை வைத்தபோது ஊரே வியந்து பேசியது. பிறகு அது எல்லா வெற்றி நாடகங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1996இல், 'ரென்ட்' பிராட்வேக்கு வந்தபோது அதன் தயாரிப்பாளர்கள் முதல் இரண்டு வரிசைகளை அன்றன்று 20 டாலருக்கு விற்றார்கள். வாடகை கட்டவே திண்டாடும் இளம் கலைஞர்களைப் பற்றிய நாடகத்தை அப்படிப்பட்ட இளைஞர்களே பார்க்க முடியாமல் போகக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். இன்றைய ரஷ் (அன்றைய டிக்கெட்டை முதலில் வருபவருக்கு மலிவாக விற்பது), லாட்டரி (குலுக்கல்) முறைகள் பரவியதற்கு அந்த இரண்டு வரிசைகளே முக்கியக் காரணம்.

ஆகவே குறைந்த விலை டிக்கெட்டைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவுமில்லை. அரங்கமே அதற்கென்று ஒதுக்கி வைத்த இருக்கை அது. ஆனால் பணத்தில் மிச்சப்படுத்துவதை வேறு ஏதோ ஒன்றில் கொடுத்தாக வேண்டும்: அதிகாலைத் தூக்கம், விரும்பிய தேதி, மேடையின் ஒரு மூலை கண்ணில் படாமல் போவது, அல்லது "இன்று கிடைக்காமலும் போகலாம்" என்ற நிச்சயமின்மை. இவற்றில் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால், கீழே சொல்லும் வழிகளில் உங்களுக்குரியது எது என்பது தானே தெரிந்துவிடும்.

இணையத்தில் நாடகத்தின் பெயரைத் தேடினால் பத்துத் தளங்கள் வருகின்றன. எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அதில் நாடகத்தின் பெயரும் அரங்கத்தின் பெயரும் அப்படியே இருக்கும். உள்ளே போனால் மறுவிற்பனைத் தளமாக இருக்கும். எனக்கும் ஒருமுறை இது நேர்ந்தது. ஊரிலிருந்து வந்த அத்தைக்காக அவசரத்தில் அப்படி ஒரு தளத்தில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். கைக்கு வந்த டிக்கெட்டில் அச்சிட்டிருந்த விலை நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அதே வரிசைக்கு அடுத்த வரிசையில் அரங்கத்தின் சொந்தத் தளத்தில் அன்றைக்கும் இடம் இருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

அதனால் நாடகத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கே உள்ள "டிக்கெட்" பொத்தான் எங்கே அழைத்துச் செல்கிறதோ அங்கே மட்டும் வாங்குங்கள். பிராட்வேயில் ஒவ்வோர் அரங்கத்துக்கும் ஓர் அதிகாரப்பூர்வ விற்பனையாளர் உண்டு; ஷூபர்ட் நிறுவனத்தின் அரங்கங்களுக்கு டெலிசார்ஜ் என்பது போல. எந்த அரங்கத்துக்கு எது என்பதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நாடகத்தின் தளமே காட்டிவிடும். லண்டனிலும் இதே வழிதான்.

நேரில் கவுண்டருக்குப் போய் வாங்கினால் விலை குறையுமா?

பிராட்வேயில் குறையும். இணையத்தில் வாங்கும்போது ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஏறும் சேவைக் கட்டணம் அரங்கத்தின் கவுண்டரில் பொதுவாகக் கிடையாது. நால்வருக்கு வாங்கினால் அந்தத் தொகையிலேயே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். கவுண்டரில் இருப்பவரிடம் "இந்த வாரத்தில் எந்தக் காட்சிக்கு விலை குறைவு?" என்று நேரடியாகக் கேட்கலாம் என்பது இன்னொரு பயன், கூட்டமில்லாத முற்பகலில் போனால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

இணையத்தில்தான் வாங்குவேன் என்றால், கட்டணம் அனைத்தும் சேர்ந்த விலையை வைத்தே ஒப்பிடுங்கள். நியூயார்க் மாநிலத்தில் 2022 முதல் மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் திடீரென்று தொகை ஏறும் பழைய தொல்லை அங்கே குறைந்திருக்கிறது.

டைம்ஸ் சதுக்கத்தில் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு வரிசை நிற்குமே, அது என்ன?

அது டி.கே.டி.எஸ். கவுண்டர். நாடக வளர்ச்சிக்காக 1968இல் தொடங்கப்பட்ட டி.டி.எஃப். என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 1973 முதல் அதை நடத்திவருகிறது. மேலே இருக்கும் சிவப்புக் கண்ணாடிப் படிகள் 2008இல் வந்தவை. அன்றைய காட்சிகளுக்கு விற்காமல் மீதமிருக்கும் இருக்கைகளை 20 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடியில் தருவார்கள், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சில டாலர் சேவைக் கட்டணம் சேரும். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில் 1980 முதல் இதுபோன்ற ஒரு கவுண்டர் இருக்கிறது, இப்போது அதற்கும் இதே பெயர்தான், அதை லண்டன் நாடக அரங்குகளின் சங்கம் நடத்துகிறது. இந்த இரண்டு சதுக்கங்களைச் சுற்றியும் "அரை விலை டிக்கெட்" என்று எழுதிவைத்த வேறு கடைகளும் இருப்பதால், பெயரைச் சரிபார்த்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் காட்சியும் நிரம்பி வழியும் நாடகம், அன்று கிடைக்கும் நாடகங்களைக் கவுண்டரில் காட்டும் பலகையில் வராது, ஏனென்றால் அங்கே வருவது மீந்துபோன இருக்கைதான். "இந்த நாடகம்தான் வேண்டும்" என்பவருக்கு அது பயன்படாது. "நல்ல நாடகம் எதுவானாலும் சரி" என்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பலகையில் அன்று என்ன இருக்கிறது என்பதை அவர்களுடைய செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். விற்பனை தொடங்கும் முன்பே போய் நிற்பது கட்டாயமில்லை. காட்சி நேரம் நெருங்க நெருங்க அரங்கங்கள் புதிய இருக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், மாலையில் போனவர்களுக்கு நல்ல இடம் கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

லாட்டரி என்கிறார்களே, அது சூதாட்டமா? பணம் கட்ட வேண்டுமா?

பங்குபெறப் பணம் கிடையாது. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்கிறீர்கள். குலுக்கலில் பெயர் வந்தால் குறைந்த விலையில் டிக்கெட் வாங்கும் உரிமை கிடைக்கிறது, வராவிட்டால் இழப்பில்லை. 'ரென்ட்' நாடகத்தின் 20 டாலர் வரிசைகளுக்காக இளைஞர்கள் இரவு முழுவதும் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தது கவலை தரும் அளவுக்குப் போனதால்தான் வரிசைக்குப் பதிலாகக் குலுக்கல் வந்தது. அதே நாடகத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜெஃப்ரி செல்லர் பிறகு தயாரித்த 'ஹாமில்டன்' 2015இல் பிராட்வேக்கு வந்தபோது, முன்வரிசை டிக்கெட்டை லாட்டரியில் 10 டாலருக்குக் கொடுத்தார்கள். 10 டாலர் நோட்டில் இருப்பது அந்த நாடகத்தின் நாயகனான அலெக்சாண்டர் ஹாமில்டனின் முகம் என்பதால் அந்த விலை. 2016 ஜனவரியில் அதை இணையத்துக்கு மாற்றிய முதல் நாளிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்ய வந்ததில் தளம் முடங்கிப்போனது.

நடைமுறை நாடகத்துக்கு நாடகம் சிறிது மாறும், ஆனால் பொதுவாக இப்படித்தான்: காட்சிக்கு முந்தைய நாள் பதிவு திறக்கும், ஒருவர் ஒருமுறைதான் பதிவு செய்யலாம், ஒன்று அல்லது இரண்டு டிக்கெட் கேட்கலாம். வென்றால் மின்னஞ்சல் வரும். அது வந்ததிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள், பல இடங்களில் ஒரே மணி நேரத்துக்குள், பணம் கட்டிவிட வேண்டும். அரங்கத்தில் புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். முதலெழுத்தையும் பெயரையும் மாற்றி மாற்றி எழுதும் நம்மவர்களுக்கு வாசலில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான்.

பத்து நாளாகப் போடுகிறேன், ஒருமுறைகூட விழவில்லை. வாய்ப்பைக் கூட்ட வழி உண்டா?

குறுக்கு வழி கிடையாது. ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் பதிவு செய்தால் இரண்டையும் தள்ளிவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் உடன் வருபவரும் தன் பெயரில் தனியாகப் பதிவு செய்யலாம். இருவரில் யாருக்கு விழுந்தாலும் இரண்டு டிக்கெட் கிடைக்கும். வெள்ளி, சனி மாலைகளைவிட வாரநாட்களுக்குப் போட்டி குறைவு என்பதால் செவ்வாய், புதன் காட்சிகளுக்குத் தவறாமல் போடுங்கள். மிகப் பிரபலமான ஒரு நாடகத்துக்கே தினமும் போட்டுவிட்டு ஏமாறுவதைவிட, பார்க்க விரும்பும் நாலைந்து நாடகங்களுக்கும் சேர்த்துப் போடுவதுதான் என் பழக்கம்.

ஊரிலிருந்தே பதிவு செய்பவர்கள் நேர வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நியூயார்க் நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது; அங்கே முற்பகலில் வரும் வெற்றி மின்னஞ்சல் இங்கே இரவில் வந்து, தூங்கி எழுவதற்குள் காலாவதியாகியிருக்கும். போய் இறங்கிய பிறகு உள்ள நாட்களுக்கு மட்டும் போடுவதே நல்லது.

ரஷ் டிக்கெட் என்பதும் லாட்டரியும் ஒன்றா?

இல்லை. லாட்டரி அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது, ரஷ் என்பது முதலில் வந்தவருக்கு முதலில். அரங்கத்தின் கவுண்டர் திறக்கும்போது, பெரும்பாலும் காலை பத்து மணிக்கு, அன்றைய காட்சிக்கான குறிப்பிட்ட எண்ணிக்கை டிக்கெட்டை ஒரே மலிவு விலையில் விற்பார்கள்; ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு. சில நாடகங்கள் இதை டுடேடிக்ஸ் போன்ற செயலிகளில் நடத்துகின்றன, அங்கே விரலின் வேகம்தான் வரிசை. இன்னும் சில நாடகங்களில் மாணவர்களுக்கு மட்டும் ரஷ் உண்டு. ரஷ் டிக்கெட்டை லண்டனில் 'டே சீட்' என்பார்கள்.

நான் முதல்முறை ரஷ் வரிசையில் நின்றது பிப்ரவரி மாதம், காலை ஏழரை மணிக்கு. எனக்கு முன்னால் ஒன்பது பேர், அவர்களில் முதல் இருவர் மடக்கு நாற்காலியும் போர்வையும் கொண்டுவந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, முறை வைத்துப் போய்க் காப்பி வாங்கி வந்தோம். கவுண்டர் கதவு திறந்தபோது என் விரல்கள் விறைத்துப்போய் அட்டையைப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. உள்ளே இருந்த அம்மையார் "அவசரமில்லை, உங்கள் டிக்கெட் எங்கும் போகாது" என்றார். அன்று மாலை முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நடனக் கலைஞர்களின் காலணி மேடைப் பலகையில் உரசும் ஒலியும், பாடுவதற்கு முன் அவர்கள் மூச்சை இழுப்பதும் கேட்டது; மேடையின் பின்பகுதியில் நடப்பவர்களின் பாதங்கள் மட்டும் தெரியவில்லை. நானூறு டாலர் இருக்கைக்கு அதை நான் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பது நாடகத்தைப் பொறுத்தது. முந்தைய நாள் அதே அரங்கத்துக் கவுண்டரில், "இன்று காலை முதல் ஆள் எத்தனை மணிக்கு வந்தார்?" என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நம்பகமான தகவல் வேறெங்கும் கிடைக்காது.

நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் உண்டாமே?

உண்டு. பிராட்வேயில் சில அரங்கங்கள், எல்லா இருக்கையும் விற்றுத் தீர்ந்த காட்சிகளுக்கு மட்டும், தரைத்தளத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும் இடங்களை விற்கும். சாய்ந்துகொள்ள ஒரு தடுப்பு இருக்கும், மேடையும் முழுமையாகத் தெரியும். இரண்டரை மணி நேரம் நிற்க உடம்பு ஒத்துழைத்தால் இது மிக நல்ல பேரம்.

லண்டனில் தேம்ஸ் கரையிலுள்ள ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கத்தில் இது கடைசி ஏற்பாடாக இல்லாமல் அரங்கத்தின் உயிராகவே இருக்கிறது. 1997இல் திறக்கப்பட்டதிலிருந்து மேடைக்கு நேர் முன்னால், கூரையில்லாத முற்றத்தில், சுமார் 700 பேர் நின்று பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். அந்த டிக்கெட் 5 பவுண்டிலிருந்து தொடங்கும். மழை வந்தாலும் நாடகம் நிற்காது. குடை பிடிக்க அனுமதியில்லை என்பதால் மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள். மேடை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நடிகரை நிமிர்ந்து பார்க்கும் அனுபவம் மேலே மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது.

லண்டனில் டிக்கெட் விலை குறைவு என்பது உண்மையா?

பொதுவாகப் பார்த்தால் உண்மை, குறிப்பாக மேல்தளங்களில். பழைய லண்டன் அரங்கங்கள் மூன்று, நான்கு அடுக்குகளாகக் கட்டப்பட்டவை. கீழே ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சர்க்கிள், உச்சியில் பால்கனி. உச்சியில் செங்குத்தாக இருக்கும், கால் நீட்ட இடம் இருக்காது, ஆனால் விலை வெகுவாகக் குறையும்.

அங்கே குறிப்பிட்ட கிழமையில் விற்கும் பழக்கமும் உண்டு. 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்' 2016இல் பேலஸ் அரங்கில் தொடங்கியபோது, வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வாரத்தின் ஒவ்வொரு காட்சிக்கும் 40 டிக்கெட்டை, இரு பாகங்களும் சேர்த்து 40 பவுண்டுக்கு விற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நேஷனல் தியேட்டரும் ராயல் ஒபரா ஹவுஸும் இதேபோல வெள்ளிக்கிழமை விற்பனை வைத்திருக்கின்றன. அரசு மானியம் பெறும் நேஷனல் தியேட்டர் 2003இலேயே ஒரு பருவம் முழுவதற்கும் பெரும்பாலான இருக்கைகளை 10 பவுண்டுக்கு விற்று அரங்கை நிரப்பியது. வெஸ்ட் எண்டை மட்டும் பார்த்துவிட்டு, நேஷனல் தியேட்டர் இருக்கும் தேம்ஸ் ஆற்றின் தென்கரையை மறந்துவிட வேண்டாம்.

"பார்வை மறைக்கும் இருக்கை" என்று போட்டு மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?

எது மறைக்கிறது என்று தெரிந்தால் வாங்கலாம். மேல்தளத்தின் முன்வரிசையில் பாதுகாப்புக் கம்பி கண்ணுக்கு நேராக வருவது ஒருவகை. சற்று நிமிர்ந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். மேடையின் ஓரத்தில் ஒரு துண்டு தெரியாமல் போவது இன்னொரு வகை. பெரும்பாலான நாடகங்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. மேல்தளத்தின் தொங்குபகுதி மேடையின் மேல்பாதியை மறைப்பது, மாடத்தில் முக்கியக் காட்சி வரும் நாடகத்தில், வருத்தத்தைத் தரும். தூண் மட்டும் வேண்டாம். இருக்கைவாரியாகப் பார்வையாளர்கள் எடுத்துப் போட்ட படங்கள் சீட்பிளான் போன்ற தளங்களில் இருக்கின்றன, ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமையில் மலிவாக இருக்கும்?

நியூயார்க்கில் ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும் வரையும், பிறகு செப்டம்பரிலும் கூட்டம் குறையும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற 'பிராட்வே வீக்' சலுகையும் அந்தக் காலங்களில்தான் வரும். நவம்பர் இறுதி நன்றி நவிலல் நாளை ஒட்டிய வாரமும் கிறிஸ்துமஸ் வாரமும் ஆண்டிலேயே விலை கூடிய நாட்கள். விடுமுறைக்கென்று டிசம்பர் கடைசியில் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

கிழமை என்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை. புதன்கிழமைப் பகல் காட்சியும் நல்ல தெரிவு. புதிய நாடகமாக இருந்தால், அதிகாரப்பூர்வத் தொடக்க நாளுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளில் விலை சற்றுக் குறைவாக இருப்பதுண்டு; விமர்சனம் நன்றாக வந்துவிட்டால் மறுநாளே ஏறும்.

மாதக்கணக்கில் முன்பே வாங்குவது இலாபமா, கடைசி நேரம் வரை காத்திருப்பதா?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், இதற்கு ஒரே பதில் கிடையாது. இப்போது விலைகள் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குபவை. நிரம்பி வழியும் நாடகத்துக்கு, விற்பனை திறந்த முதல் நாட்களில் மேல்தளத்தின் பின்வரிசைகளை வாங்குவதே, குலுக்கலையும் அதிகாலை வரிசையையும் நம்பாமல் நேரடியாக வாங்கும் வழிகளில் மலிவானது. காட்சி நெருங்க நெருங்க அது ஏறும். ஓரளவு இடம் மீதமிருக்கும் நாடகத்துக்கு இது தலைகீழ். முன்கூட்டி முழு விலை கொடுத்தவர் அன்று மாலை டி.கே.டி.எஸ். வரிசையில் பாதி விலையில் வாங்கியவர் பக்கத்தில் உட்காருவார். அரங்கத்தின் இருக்கை வரைபடத்தைத் திறந்து, அடுத்த வாரத்துக் காட்சிகளில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். வரைபடம் வெறிச்சோடியிருந்தால் காத்திருக்கலாம்.

முழுவதும் விற்றுவிட்ட நாடகத்துக்கும் கடைசி இரண்டு நாட்களில் ஒரு வாசல் திறக்கும். நடிகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஒதுக்கிவைத்த நல்ல இருக்கைகளில் அவர்களுக்குத் தேவைப்படாதவை பொது விற்பனைக்கு வந்துவிடும். அவை சாதாரண விலையில் வருவதும் உண்டு. தனியாகப் போகிறவருக்கு இங்கே பெரும் வசதி: இரண்டு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைக்காத காட்சிக்கு ஒற்றை இருக்கை பெரும்பாலும் எங்காவது இருக்கும். தம்பதியாகப் போனாலும் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் இந்த வசதி உங்களுக்கும் உண்டு.

குழந்தைகளோடு நாலு பேர் போகிறோம். லாட்டரி எங்களுக்கு உதவாதே?

உதவாது, இரண்டு டிக்கெட்டுக்கு மேல் தரமாட்டார்கள். குழந்தைக்கும் முழு டிக்கெட் வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பிராட்வேயில் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே கிழமையைப் பற்றிச் சொன்னதைப் பயன்படுத்தி, வாரநாளில் மேல்தளத்தில் நான்கு இருக்கைகளை முன்கூட்டி வாங்குவதே நிம்மதி.

ஆகஸ்டில் லண்டன் போகிறவர்களுக்குக் 'கிட்ஸ் வீக்' என்ற அருமையான ஏற்பாடு 1998 முதல் இருக்கிறது. ஒரு பெரியவர் முழு விலை கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு இலவசம், மேலும் இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி விலை. பெயரில் வாரம் என்று இருந்தாலும் மாதம் முழுக்க நடக்கும். நல்ல நாடகங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால், கோடையின் தொடக்கத்திலேயே விற்பனைத் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அங்கே படிக்கிறாள். மாணவர்களுக்குத் தனிச் சலுகை உண்டா?

உண்டு, வருகையாளர்களைவிட அங்கே வசிப்பவர்களுக்குத்தான் அதிகம். மேலே சொன்ன டி.டி.எஃப். அமைப்பில் மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள் உள்ளிட்டோர் ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினராகலாம். ஒரே நாடகத்தில் சந்தாப் பணம் திரும்பிவிடும். லிங்கன் சென்டர் தியேட்டர், ரவுண்டபவுட் ஆகிய நாடக அமைப்புகள் இளையோருக்கென்று தனி உறுப்பினர் திட்டங்கள் வைத்திருக்கின்றன. கல்லூரி அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

பெரிய சினிமா நட்சத்திரம் நடிக்கும் நாடகம். அதற்கும் இந்த வழிகள் செல்லுமா?

செல்லும், ஆனால் கடினம். அவை மூன்று, நான்கு மாதம் மட்டுமே நடப்பவை. 2025இல் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்த 'ஒத்தெல்லோ'வின் நல்ல இருக்கைகள் 921 டாலருக்கு விற்றன. இத்தகைய நாடகத்துக்கு, விற்பனை அறிவிப்பு வந்த அன்றே மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து முன்விற்பனையில் வாங்குவதும், லாட்டரியும், அதிகாலை வரிசையும்தான் வழி, டி.கே.டி.எஸ். பலகையை நம்ப வேண்டாம்.

நட்சத்திரம் அன்று வராமல் மாற்று நடிகர் நடித்தால் பணம் திரும்புமா என்றும் கேட்கிறார்கள். பிராட்வேயில் விளம்பரங்களில் நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் போட்ட நடிகர் வராவிட்டால், காட்சி தொடங்கும் முன் பணத்தையோ வேறு தேதியையோ கேட்டு வாங்கலாம் என்பது வழக்கம். தலைப்புக்குக் கீழே பெயர் இருந்தால் கிடையாது. லண்டனில் இந்த உரிமையை எதிர்பார்க்க வேண்டாம். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியவருக்குத் திரும்பி வருவது அச்சிட்ட விலை மட்டுமே, அவர் கொடுத்த விலை வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா வழியும் அடைத்துவிட்டது. மறுவிற்பனையில் வாங்கினால்தான் என்ன?

சட்டப்படி குற்றமில்லை, ஆனால் என் மனம் ஒப்பாது. மென்பொருளைக் கொண்டு நொடியில் நூற்றுக்கணக்கான டிக்கெட்டை அள்ளிக்கொண்டு போகும் வியாபாரத்தைத் தடுக்க அமெரிக்கா 2016 டிசம்பரில் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. டிக்கெட்டின் அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யும் திட்டத்தைப் பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு காசுகூட நடிகருக்கோ எழுதியவருக்கோ போவதில்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், அதிகாரப்பூர்வ விற்பனையாளரே நடத்தும் மறுவிற்பனைப் பக்கத்தில் மட்டும் வாங்குங்கள். அங்கே டிக்கெட் செல்லுபடியாகும் என்ற உறுதியாவது உண்டு. வாசலில் நின்று தாளை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். ஒரே டிக்கெட்டின் நகலை நாலு பேருக்கு விற்றிருந்தால், முதலில் போனவருக்குத்தான் கதவு திறக்கும்.

விற்றுத் தீர்ந்த காட்சிக்கு அன்று மாலை சும்மா போய் நின்றால் பயன் உண்டா?

உண்டு. நான் சொன்னதை அரைமனதோடு கேட்டுப் போய் நின்று, டிக்கெட்டோடு திரும்பியவர்கள் பலர். காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், "திரும்பி வரும் டிக்கெட்டுக்கு வரிசை எது?" என்று கேளுங்கள். லண்டனில் இது நெடுநாள் வழக்கம், பிராட்வேயிலும் சில அரங்கங்களில் உண்டு. உடல்நலம் சரியில்லாமல் போனவர், ரயில் தவறியவர் என்று ஒவ்வொரு மாலையும் சில இருக்கைகள் திரும்பும். மணி அடிக்கும்வரை நகராதீர்கள். விலை மட்டும் சில நேரம் முழு விலையாகவே இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் மூன்றே இரவுதான் இருப்பேன். நாடகம் பார்க்காமல் திரும்ப மனமில்லை. எப்படித் திட்டமிடட்டும்?

முதல் நாள் காலையில், பார்க்க விரும்பும் எல்லா நாடகங்களின் லாட்டரிக்கும் மறுநாளுக்காகப் பதிவு செய்துவிட்டு, மாலை டி.கே.டி.எஸ். பலகையில் இருப்பதில் ஒன்றைப் பாருங்கள். பயணக் களைப்பில் அதிகாலை வரிசை வேண்டாம். இரண்டாம் நாள் காலை நீங்கள் மிகவும் விரும்பும் நாடகத்தின் ரஷ் வரிசைக்குப் போங்கள். அன்று லாட்டரியும் வரிசையும் கைகொடுக்காவிட்டால், மூன்றாம் நாளுக்குக் கவுண்டரிலேயே மேல்தள டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்கிவிடுங்கள். கடைசி இரவை அதிர்ஷ்டத்திடம் விடாதீர்கள்.

கோடையில் வருகிறீர்கள் என்றால் சென்ட்ரல் பூங்காவுக்குள் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கையும் பாருங்கள். நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் முன்னின்று 1962இல் தொடங்கிய அந்த அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு இன்றும் கட்டணமே இல்லை. புதுப்பித்து 2025இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். காட்சி நாளன்று வரிசையிலும் இணையக் குலுக்கலிலும் டிக்கெட் தருவார்கள். பூங்காவின் மரநிழலில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து காத்திருக்கும் அந்த வரிசையே ஒரு திருவிழா போல இருக்கும்.

லாட்டரி விழுந்துவிட்டது, ஆனால் எனக்குப் போக முடியவில்லை. என் தம்பியை அனுப்பலாமா?

முடியாது. பெயர் மாற்றம் கிடையாது, அடையாள அட்டையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்களோடு வரும் இரண்டாமவர் யாராகவும் இருக்கலாம், ஆனால் வென்றவர் இல்லாமல் அவரை உள்ளே விடமாட்டார்கள். போக முடியாது என்று தெரிந்தால் பணம் கட்டாமல் விட்டுவிடுங்கள். நேரம் முடிந்ததும் அந்த இரண்டு இருக்கைகளும், பத்து நாளாகப் போட்டும் விழவில்லை என்று மேலே கேட்டவரைப் போன்ற ஒருவருக்குப் போய்ச் சேரும்.